போத்தலைத் திறந்து பார்க்காத அத்தானுக்கு

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
9 செப்டம்பர் 1996

மதிப்புக்குரிய அத்தான் டாக்டர் சண்முகரத்தினம் அவர்களுக்கு,

குணபூசணி எழுதுவது. ஆராய்ச்சி விடுப்பில் போன நீங்கள் இங்கிலாந்தில் கம்பளித் தொப்பி வாங்கிப் போட்டுக்கொண்டு, காலையில் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டு, சௌகரியமாக இருப்பதாக அக்கா சொன்னாள். ஆகவே நலம் விசாரிக்கவில்லை. இங்கே நாங்களும் இருக்கிறோம்.

உங்கள் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அக்காவைக் கட்டிப் பதினெட்டு வருஷமாக நீங்கள் எனக்கு அத்தான். இதுதான் நீங்கள் எனக்கு எழுதிய முதல் கடிதம். உறையின் மேல் மிஸ் குணபூசணி, சீனியர் லேபரட்டரி அசிஸ்டன்ட் என்று முழுப் பதவியும் போட்டிருந்தீர்கள். அதைப் பார்த்ததுமே உறையைப் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். நீங்கள் யாரையாவது மரியாதையாகக் கூப்பிட்டால் அவர் தலையில் எதையோ தூக்கி வைக்கப் போகிறீர்கள் என்று அர்த்தம். யூனிவர்சிட்டியில் நம் டிபார்ட்மென்டில் எல்லாருக்கும் இது தெரியும், உங்களைத் தவிர.

உள்ளே இரண்டு தாள். ஒன்று டைப் அடித்தது. கார்த்திகேசுவின் மகள் குணபூசணி ஆகிய நான், கவனக்குறைவினால் இரண்டு போத்தல்களிலும் லேபலை மாற்றி ஒட்டிவிட்டேன், அதனால்தான் டாக்டரின் கட்டுரையில் பிழை வந்தது, அவருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று. கீழே நான் கையெழுத்துப் போட ஒரு கோடு. கோட்டைக்கூட ஸ்கேல் வைத்து நேராக இழுத்திருக்கிறீர்கள். தேதியை மட்டும் நானே போட்டுக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறீர்கள். அந்த அளவுக்காவது என்னை நம்பினீர்களே, பெரிய மனசு.

மற்றத் தாள் உங்கள் கையெழுத்தில். அக்டோபர் மூன்றாம் தேதி விசாரணைக் கமிட்டி லேபுக்கு வரும், அதற்குமுன் போத்தல்களில் இருக்கும் லேபலை மாற்றி ஒட்டிவிடு, உனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும், அதற்குமேல் ஒன்றும் நடக்காது, நான் பார்த்துக்கொள்கிறேன், குடும்ப மானம் உன் கையில் இருக்கிறது, படித்ததும் கிழித்துவிடு. இவ்வளவுதான். அதை நான் கிழிக்கவில்லை.

நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். உங்களுக்கு வசதியான வேறு ஒரு கதையை நீங்கள் நிஜமாகவே நம்பத் தொடங்கிவிட்டீர்களோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் காட்மியம் செலினைடுத் துகளை அமுக்கிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொன்னீர்கள். அழுத்தம் ஏறும்போது எந்தக் கட்டத்தில் அதன் உள்ளே அணுக்களின் அடுக்கு மாறுகிறது, துகளின் அளவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு, இதுதான் கேள்வி. நல்ல கேள்வி. அதை நான் இன்றைக்கும் மறுக்க மாட்டேன். இரண்டு போத்தல் தயாரித்தேன். ஒன்றில் சின்னத் துகள், இன்னொன்றில் பெரிய துகள். பெரியது என்று பேச்சுக்குத்தான் சொல்கிறோம், ஒரு தலைமயிரின் அகலத்தில் அதில் பத்தாயிரத்துக்கு மேல் வரிசையாக நிற்கும். சின்னத் துகள் கலந்த திரவம் மஞ்சள். பெரிய துகள் கலந்தது சிவப்பு. துகள் சிறுக்கச் சிறுக்க நிறம் மஞ்சளுக்கு வரும், அந்தப் பொருளின் குணமே அது.

மூன்று மாதம் அந்த வைர அமுக்கியோடு உட்கார்ந்திருந்தேன். இரண்டு வைரம், நடுவில் ஒரு தகடு, தகட்டில் ஊசி முனை அளவு ஓட்டை, ஓட்டைக்குள் நம் திரவம் ஒரு துளி, அதற்குள் ஒரு துணுக்கு மாணிக்கம். திருகை முறுக்கினால் வைரங்கள் நெருங்கும், அழுத்தம் ஏறும். லேசர் பட்டு மாணிக்கம் விடுகிற சிவப்பு ஒளி எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்தால் அழுத்தம் எவ்வளவு என்று தெரியும். கொஞ்சம் முறுக்கு, அரைமணி காத்திரு, பார், எழுது. உங்கள் லேபின் ஏர்கண்டிஷன் மூன்று நாளைக்கு ஒரு தரம் படுத்துக்கொள்ளும். லேப் சூடேறினால் மாணிக்கத்தின் ஒளி தானாகவே நகர்ந்து, அழுத்தம் ஏறியதுபோல் பொய் காட்டும். அதனால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தெர்மாமீட்டர் என்ன சொன்னது என்றும் எழுதினேன். நீங்கள் அந்தப் பத்தியை என்ன இதெல்லாம் வெட்டி வேலை என்று கேட்டீர்கள், ஞாபகம் இருக்கிறதா?

பெரிய துகள் முப்பதாயிரம் காற்றழுத்தத்தை ஒட்டி மாறியது. சிவப்பாக இருந்தது கறுத்துப்போனது. சின்னத் துகள் அதற்கெல்லாம் அசையவில்லை. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ஆகியும் மஞ்சளாகவே இருந்தது. அறுபதாயிரத்தைத் தாண்டித்தான் கறுத்தது. நான் நம்பாமல் நான்கு தடவை புதுத் துளி எடுத்துத் திரும்பச் செய்தேன். நான்கு தடவையும் அதே கதை. எனக்கு அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? ஜாலான் துன் சம்பந்தனில் பஸ்ஸை விட்டு இறங்கி, தனியாகச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன். பார்த்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மறுநாள் நோட்டுப்புத்தகத்தை உங்கள் மேசையில் வைத்தேன். நீங்கள் ஸ்டோர்கீப்பர் அய்யூப்பிடம் சொன்னதை அவன் ரொம்ப நாள் கழித்து, கட்டுரை வந்த பிறகுதான், அப்படியே என்னிடம் சொன்னான். சின்னத் துகள் சீக்கிரம் உருகும், இது ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைகளுக்கே தெரியும், அப்படியென்றால் அமுக்கினாலும் சின்னதுதான் முதலில் மாறணும், பாவம், குணம் லேபலை மாத்தி ஒட்டிட்டா என்றீர்களாம். அப்போது நான் பக்கத்து அறையில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன். பத்து அடி இல்லை. குணம், இங்கே வா, எது எந்தப் போத்தல் என்று ஒரு வார்த்தை கேட்டீர்களா? பேனாவை எடுத்து, கட்டுரைப் பிரதியில் சின்னது, பெரியது என்ற இரண்டு பத்தியின் தலைப்பையும் மாற்றிப்போட்டு டைப்பிங்குக்கு அனுப்பிவிட்டீர்கள்.

சின்னத் துகள் சீக்கிரம் உருகும், சரி. வெளிப்பக்கத்து அணுக்களுக்குப் பிடிப்புக் குறைவு, சின்னதில் பெரும்பாலும் வெளிப்பக்கம்தான், சூடு பட்டால் சீக்கிரம் தளரும். ஆனால் அழுத்தம் என்ன சூடா? அடுக்கு மாறும்போது வெளிப்பக்கமும் புதிதாக அமைய வேண்டும், அதற்குச் சக்தி செலவு. எதில் வெளிப்பக்கம் அதிகமோ அதற்குத்தான் செலவு அதிகம். போதாக்குறைக்கு, பெரிய படிகத்தில் எங்கேயாவது ஒரு பழுது இருக்கும், மாற்றம் அங்கேயிருந்து தொடங்கிப் பரவிவிடும். சின்னதில் பழுது இருக்க இடம் ஏது? இதை நான், டிப்ளோமாக்காரி, மத்தியான இடைவேளையில் லைப்ரரியில் உட்கார்ந்து படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் டாக்டர். சின்னது என்றால் சீக்கிரம் மசிந்துவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது அத்தான்?

கட்டுரை வந்தது. டிபார்ட்மென்டில் கறிபாஃபும் கேக்கும் கொடுத்தீர்கள். கட்டுரைக் கடைசியில் நன்றி சொல்லும் இடத்தில் டீன் இருந்தார், துறைத் தலைவர் இருந்தார், பொறுமைக்காக என்று அக்காகூட இருந்தாள். என் பெயரைத் தேடிப் பார்த்தேன், சரி, அச்சில் இடம் போதவில்லையாக்கும் என்று விட்டுவிட்டேன். அச்சடித்த பிறகுதான் பத்திகளின் தலைப்பு மாறியிருப்பதைப் பார்த்தேன். உடனே உங்கள் அறைக்கு ஓடி வந்தேன். நீங்கள் பேப்பரைவிட்டுத் தலையைத் தூக்காமல், பரவாயில்லை குணம், எல்லாருக்கும் தப்பு வரும், நான் சரி பண்ணிட்டேன் என்றீர்கள். உங்கள் மன்னிப்பை வாங்கிக்கொண்டு நான் திரும்பி வந்தேன். அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். அது என் தப்பு, அந்த ஒன்றுக்கு வேண்டுமானால் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்போது வெளிநாட்டில் இரண்டு இடத்தில் இதையே செய்து பார்த்து, நேர் எதிராக வருகிறதே என்று யூனிவர்சிட்டிக்கு எழுதிக் கேட்டுவிட்டார்கள். உங்கள் புரொபசர் பதவி ஃபைல் பாதியில் நிற்கிறது. கமிட்டி போட்டாயிற்று. உடனே உங்களுக்கு மச்சாள் ஞாபகம் வந்துவிட்டது.

சரி, உங்கள் பேச்சைக் கேட்டு லேபலை மாற்றி ஒட்டிவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கமிட்டியில் வருகிறவர்களுக்குக் கண் இருக்காதா? மஞ்சள் போத்தலில் பெரியது என்றும் சிவப்பில் சின்னது என்றும் இருந்தால், அசிஸ்டன்ட் தப்பாக ஒட்டினாள், சரி, டாக்டர் ஒரு நாளாவது போத்தலைத் திறந்து பார்த்தாரா என்று கேட்க மாட்டார்களா? திறக்கக்கூட வேண்டாம், அலமாரிப் பக்கம் திரும்பினாலே தெரியும். என் நோட்டுப்புத்தகத்தில் சரியாக எழுதியிருப்பதுகூட உங்களுக்கு ஞாபகம் வரவில்லை. மோசடிக்காரன் என்ற பெயர் வரக்கூடாது என்று மடையன் என்ற பெயரை எடுக்கப் பார்க்கிறீர்கள். அதற்கு என் பெயரையும் இரவல் கேட்கிறீர்கள். உங்களுக்கு நிறம் தெரிந்திருந்தால் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்க மாட்டீர்கள். உங்களுக்கு இன்றைக்குவரை தெரியாது. வெட்கக்கேடு.

உங்களைத் தனியாகக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை. நம் ஆட்களுக்கே இது ஊறிப்போன பழக்கம். மூன்று தலைமுறையாக வெள்ளைச் சட்டை போட்டு அரசாங்க ஃபைல் பார்த்தவர்கள். எங்கள் அப்பா கிள்ளான் ரயில்வே யார்டில் சீஃப் கிளார்க்காக இருந்தபோது, ஒரு வேகன் ஈப்போவுக்குப் போய்விட்டது என்று ஃபைலில் இருந்தது. வேகன் அவர் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. ஐயா, இதோ நிற்குதே என்று தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் தம்புசாமி வந்து காட்டியிருக்கிறார். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பாமலே, போய்விட்டது என்று கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். வீட்டுக்கு வந்து இதைப் பெருமையாக வேறு சொன்னார். அவருக்கு ஏற்ற மருமகன்தான் நீங்கள். அப்பாவாவது ஒரு வேகனோடு நிறுத்திக்கொண்டார்.

எச்சரிக்கைக் கடிதத்துக்குமேல் ஒன்றும் நடக்காதாம். இருபத்தொரு வருஷ சர்வீஸில் என் ஃபைலில் ஒரு கீறல் கிடையாது. இதில் நான் கையெழுத்துப் போட்டால், இவள் அளந்தது எதையும் நம்ப முடியாது என்று அர்த்தம். என்னை ஸ்டோருக்கு அனுப்பி பீக்கர் எண்ணச் சொல்வார்கள். அந்த அமுக்கியை இனி என்னைத் தொட விடமாட்டார்கள். உங்களுக்கு அது ஒரு கட்டுரை. எனக்கு அதைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களா? யோசித்திருக்க மாட்டீர்கள்.

மற்றபடி செய்தி ஒன்றும் இல்லை. வீட்டுக்கு எதிரே பழைய ரயில்வே இடத்தைத் தோண்டுகிறார்கள், பெரிய ஸ்டேஷன் வரப்போகிறதாம். நாள் முழுக்க லோரி, ஒரே புழுதி, துணி காயப்போட முடியவில்லை. சுபாங் ஜெயாவில் உங்கள் சமையலறைக் கூரை ஒழுகுகிறது, ஆள் பிடித்து அடைக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் இருவரும் ஹாஸ்டலில் சுகம். அக்காவுக்கு இந்த விஷயம் எதுவும் நான் சொல்லவில்லை. நீங்களும் அவளை இதற்குள் இழுக்க வேண்டாம்.

டைப் அடித்த தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோட்டுக்குமேல் ஒன்றும் எழுதவில்லை. நான் தலைப்பை மாற்றினேன், அவளைக் கேட்கவில்லை என்று கமிட்டிக்கு நீங்களே எழுதுங்கள். உங்களுக்கு எழுதத்தான் நன்றாக வருமே.

இப்படிக்கு, இன்னும் மரியாதை விட்டுப்போகாத மச்சாள்,
குணபூசணி

பிரிக்பீல்ட்ஸ்
21 செப்டம்பர் 1996

அத்தானுக்கு,

உங்கள் பதில் எனக்கு வரவில்லை. அக்காவுக்குப் போயிருக்கிறது. இழுக்க வேண்டாம் என்று எழுதினேன், உடனே இழுத்துவிட்டீர்கள். சபாஷ்.

வியாழக்கிழமை அக்கா லேபுக்கு வந்தாள். உங்களைக் கட்டிக்கொண்ட நாளாய் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவள், சுபாங் ஜெயாவிலிருந்து டாக்ஸி பிடித்து, கலியாண வீட்டுக்குக் கட்டும் பட்டுச்சேலையும் கட்டி, கேரியரில் இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறாள். நீ எப்படி வேலை செய்கிறாய் என்று பார்க்க வந்தேன் என்றாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். அய்யூப் நாற்காலியைத் துடைத்துப்போட்டு, என்னக்கா இது, கோயிலா, கண்ணாடி குத்திடும் லா, செருப்பைப் போட்டுக்குங்க என்றான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போதே எனக்கு என்னவோ மாதிரி இருந்தது.

சாப்பிட்டோம். கேரியரைக் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனேன். ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. திரும்பி வந்து பார்த்தால் அக்கா அலமாரி முன்னால் நிற்கிறாள். கையில் மஞ்சள் போத்தல். பழைய லேபலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறாள். நான் ஒட்டினால் அவ்வளவு லேசில் வராது. மேசைமேல், நீங்கள் அங்கிருந்து டைப் அடித்து ஏர்மெயிலில் அனுப்பிய இரண்டு புது லேபல், பக்கத்தில் ஒரு பசை டியூப். அவள் ஒற்றைக் கையில் பிடித்திருந்த பிடியில் போத்தல் விழுந்துவிடுமோ என்று எனக்குப் பயம். அது விஷச் சாமான் அத்தான். காட்மியம். உடைந்து கையில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கையுறை போட்டுக்கொள் என்றாவது எழுதினீர்களா? எங்கே, உங்களுக்குத்தான் போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்றே அக்கறை கிடையாதே.

நான் திட்டவில்லை. போத்தலை வாங்கி வைத்தேன், கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னேன். அவள் அழுதாள். பதவி போய்விடும் என்கிறார், சபையில் தலைகாட்ட முடியாது என்கிறார், உனக்கென்ன, நீ தனி ஆள், ஒரு கடிதம் வாங்கினால் என்ன குறைந்துவிடும் என்று நீங்கள் சொல்லிக்கொடுத்த அத்தனையையும் வரிசையாக ஒப்பித்தாள். தனி ஆளாம். அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கமிட்டிக்குக் காட்டுவதற்காக இன்னொரு அமுக்கியும் இரவல் வாங்கி, இரண்டிலும் துளி வைத்துத் தயாராக வைத்திருந்தேன். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் மஞ்சள். அக்காவை மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்த்தி, கண்ணை வை என்றேன். நகையும் பட்டும் பளபளக்க ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். சிவப்பை முதலில் வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன், நிறம் மட்டும் பார்க்க அரைமணி காத்திருக்க வேண்டாம். இப்போது என்ன நிறம், இப்போது என்ன நிறம் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். சிவப்பு, சிவப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று, ஐயோ கறுத்துப்போச்சு, நீ என்ன செய்தாய் என்று கேட்டாள். பிறகு மஞ்சளை வைத்து அதே அழுத்தத்துக்குக் கொண்டுபோனேன். மஞ்சள்தான் என்றாள். இன்னும் ஏற்றினேன். மஞ்சள்தான் என்றாள். பெரிய துகள் எது, சின்னது எது, அவர் எதை எழுதினார் என்று மூன்று வரியில் சொன்னேன். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல்தான் சொன்னேன். அவளுக்குப் புரிந்துவிட்டது.

மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தாள். பிறகு, இதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்டாள். ஒன்றரை மணி நேரம் என்றேன். ஒரு தரம் வந்து கண்ணை வைத்திருந்தால் தெரிந்திருக்குமே, அவர் ஏன் வரவில்லை என்று கேட்டாள். உங்களிடமே கேட்கச் சொன்னேன்.

இன்னொன்றும் சொன்னாள். கலியாணம் ஆன புதிதில் நீங்கள் அவளிடம், உன் தங்கைக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் சொல்லி அந்த வேலையில் வைத்திருக்கிறேன் என்று சொன்னீர்களாமே. உங்கள் தங்கச்சிகளின் கலியாணத்துக்கு அவள் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் அந்த நன்றிக்கடனுக்குத்தானாம். அட கடவுளே! நீங்கள் அங்கே சேர்வதற்கு மூன்று வருஷம் முன்பே நான் வேலையில் இருந்தேன். நீங்கள் இன்டர்வியூவுக்கு வந்த அன்று வழி தெரியாமல் நின்றபோது, அறையைக் காட்டியதே நான்தான். பதினெட்டு வருஷம் இந்தப் பொய்யை அவள் தலையில் சுமக்க வைத்திருக்கிறீர்கள். எனக்குக் கோபம்கூட வரவில்லை அத்தான். அருவருப்பாக இருந்தது. இந்த மனுஷன் லேபுக்குள் வந்தால் இத்தனை நாளாக எழுந்து நின்றோமே என்று என்மேலேயே அருவருப்பு.

அந்த இரண்டு லேபலையும் அக்காவே எடுத்து என்னிடம் கொடுத்தாள். எரித்துவிடு என்றாள்.

கமிட்டிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. அங்கே ஃபேக்ஸ் மெஷின் இருக்கும். இல்லை என்றால் வெளியே நடந்துபோய்த் தேடுங்கள், காலுக்கு நல்லது.

குணபூசணி

பிரிக்பீல்ட்ஸ்
5 அக்டோபர் 1996

அத்தானுக்கு,

உங்கள் ஃபேக்ஸ் வரவில்லை. கமிட்டி வந்தது.

ஐந்து பேர். நோட்டுப்புத்தகத்தைக் கேட்டார்கள், கொடுத்தேன். தெர்மாமீட்டர் பத்தியில் விரலை வைத்து, இதை எழுதச் சொன்னது யார் என்று ஒருவர் கேட்டார். யாரும் சொல்லவில்லை, தேவை என்று எனக்குத் தெரிந்தது என்றேன். அவர்களில் வயதான புரொபசர் ஒருவர், வெளி யூனிவர்சிட்டிக்காரர், எழுந்து அலமாரிக்குப் போனார். இரண்டு போத்தலையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். லேபலைப் படித்தார். திரும்பவும் நிறத்தைப் பார்த்தார். போத்தல்களை வைத்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, டாக்டர் இதைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டார்.

அந்த இடத்தில் உங்களை ஒரே வார்த்தையில் முடித்திருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும் சார் என்று சொல்லிவிட்டேன். நல்லவள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். உங்களைப் பற்றி ஒரு உண்மையாவது உங்கள் வாயால் வரட்டும் என்றுதான்.

நீங்கள் கையால் எழுதிய தாளையோ, அந்த லேபல்களையோ நான் அவர்களுக்குக் காட்டவில்லை. உங்களுக்காக இல்லை. அக்காவின் கை அதில் பட்டிருக்கிறது. நேற்று இரண்டையும் சேர்த்து அடுப்பில் போட்டேன். இனி உங்களுக்கு எதிராக என்னிடம் ஒன்றும் கிடையாது. தைரியமாகப் பொய் சொல்லலாம்.

அவர்கள் முடிவு இது. இந்த மாதக் கடைசிக்குள் நீங்களே எழுதி, தலைப்பை மாற்றியது நான்தான் என்று சொன்னால், அவசரத்தில் செய்த பிழை என்று எடுத்துக்கொண்டு திருத்தம் போடுவார்கள். புரொபசர் பதவி இப்போதைக்கு வராது, ஆனால் வேலை இருக்கும். நீங்கள் எழுதாவிட்டால் அவர்கள் எழுதுவார்கள். அதில் பிழை என்ற வார்த்தை இருக்காது.

திருத்திய கட்டுரையில் என் பெயரைப் போடலாமா என்று கேட்டார்கள். போடுங்கள் என்றேன், வெட்கப்படவில்லை. அவர் பெயரை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், கேள்வியை முதலில் கேட்டது அவர்தான் என்றேன். அது உண்மை, அதனால் சொன்னேன். பிறகு பாத்ரூமுக்குப் போய் அழுதேன். எதற்கு என்று கேட்காதீர்கள். ஒரு காலத்தில் நீங்கள் எனக்குப் பெரிய ஆளாகத் தெரிந்தீர்கள், அவ்வளவுதான்.

அக்கா போன மாதம் இருபத்தேழாம் தேதியிலிருந்து என்னோடு இருக்கிறாள். சுபாங் ஜெயா வீட்டைப் பூட்டிவிட்டு ஒரு பெட்டியோடு வந்தாள். எத்தனை நாளைக்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. காலையில் பாசாருக்குப் போய்க் காய்கறி வாங்கி வருகிறாள், எனக்குச் சேர்த்துச் சமைக்கிறாள், சாயந்தரம் நான் வந்ததும் இன்றைக்கு எதை அமுக்கினாய் என்று கேட்கிறாள். உங்கள் பெயரை எடுப்பதில்லை. போன் அடித்தால் எடுக்காதே என்கிறாள். இந்தக் கடிதத்தில் ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று எழுந்து போய்விட்டாள்.

எனக்கு இனி எதுவும் எழுத வேண்டாம். கமிட்டிக்குக்கூட இரண்டாவதாக எழுதுங்கள். முதலில் அவளுக்கு எழுதுங்கள் அத்தான். டைப் அடிக்காமல், கையால். எதையும் மாற்றிப்போடாமல் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அந்த ஊர்க் குளிரில் நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடவுள் உங்களுக்குக் கொஞ்சம் நல்ல புத்தியையும், அதைவிடக் கொஞ்சம் அதிகமாக வெட்கத்தையும் கொடுக்கட்டும்.

பதினோரு மணிக்குத் தபால்காரர் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டதும் அடுப்பை அணைத்துவிட்டு, நான்கு மாடியும் இறங்கி அவள்தான் ஓடுகிறாள். இன்றைக்கும் வெறுங்கையோடுதான் ஏறி வந்தாள்.

குணபூசணி